தட்டுக்குக் கல்லு, டயருக்குக் கட்டை

நம் வயதுக்காரர்களை ஒன்று கேட்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது உங்களுக்கு முழங்காலில் டொக் டொக் என்று கேட்கிறதா? எனக்குக் கேட்கிறது. வீட்டில் எல்லோருக்கும் கேட்கிறது. டாக்டருக்கு மட்டும் கேட்பதில்லை. அவர் என்னைக் கட்டிலில் நீட்டிப் படுக்க வைத்து, காலை மடக்கிப் பார்த்து, "ஒண்ணும் இல்லையே சார்" என்கிறார். "நான் படுத்துக்கொண்டு மாடி ஏறுவதில்லை டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஏற்றத்தில் மட்டும் வருகிற சத்தத்தைச் சமதரையில் தேடினால் கிடைக்காது. இந்த ஞானம் எனக்குக் கால்சட்டை வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் அதைச் சம்பாதிக்க எங்கள் வீட்டுக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. நடுவில் ஒரு சேவலும் செத்தது. சேவல் பாவம், அதற்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர் ஒரு சரிவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். சமம் என்று சொல்ல அங்கே ஒரே ஓர் இடம்தான், சாமை அடிக்கிற களம். மற்றபடி வீடு, வாசல், கொட்டகை எல்லாமே சாய்வு. வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டால் தட்டின் கீழ்ப்பக்கம் ஒரு கூழாங்கல்லை அண்டை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குழம்பு நம் வாய்க்கு வராமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தட்டு கழுவும்போது கல்லையும் கழுவி அடுக்குவார்கள். விருந்தாளி வந்தால் முதலில் கல், பிறகுதான் சோறு. சமவெளியிலிருந்து வந்த ஒரு புது மருமகள், மாமனார் தட்டுக்கடியில் கல் கிடக்கிறதே என்று மரியாதையாக எடுத்துத் தூர எறிந்துவிட்டாளாம். மாமனார் வேட்டி மாற்றிக்கொண்டுதான் மறுபடி சாப்பிட உட்கார்ந்தார் என்று பேச்சு.

எங்கள் வீட்டில் தட்டுக்குக் கல் வைக்கிற உத்தியோகம் என்னுடையது. அதில் நான் காட்டிய திறமையைப் பார்த்துத்தான், அப்பா டிராக்டர் வாங்கியதும் டயருக்குக் கட்டை வைக்கிற வேலைக்கும் என்னையே நியமித்தார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பில் நான் இருந்த இருப்புக்கு வேறு வேலை எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

அப்பா வருஷா வருஷம் கார்த்திகை தீபம் முடிந்ததும் குடகுக்குப் போகிறவர். மேஸ்திரி லாரி கொண்டு வருவார். எங்கள் மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் காப்பித் தோட்டத்தில் இறக்குவார். காப்பி பறித்து, மிளகு பறித்து, சித்திரை பிறக்கும்போதுதான் அப்பா திரும்புவார். குடகுக் குளிருக்கென்று அவரிடம் ஒரு கறுப்புக் கம்பளி இருந்தது. முரட்டுக் கம்பளி. தொட்டால் முள் குத்துகிற மாதிரி குத்தும். புகையும் காப்பித் தோலும் கலந்த வாசனை அதில் ஊறிப்போயிருக்கும். மற்ற மாதங்களில் சுவரில் ஆணியில் தொங்கும். அதை எடுத்து வேலிமேல் வெயிலில் விரித்தால் அப்பா கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. கம்பளிதான் சொல்லும்.

அந்த வருஷம் போகக் கூடாது என்று அப்பா முடிவெடுத்தார். அவரும் அம்மாவின் தம்பியான என் மாமனும் கூட்டுச் சேர்ந்து, மணலூர்பேட்டைப் பக்கம் கரும்புக்காட்டில் உழைத்துக் களைத்த பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வந்தார்கள். என்ன நிறம் என்று கேட்டால் மாமன் "துரு" என்பார். பேட்டரிக்கு உயிர் இல்லை. இஞ்சினுக்குள் எண்ணெய் ஓடுகிறதா என்று காட்டுகிற முள் என்றைக்கோ படுத்துவிட்டது. எழுப்பினால் எழுந்திருக்கிற படுக்கை இல்லை அது. மலையிலிருந்து குச்சிக்கிழங்கை ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்கு இறக்குவது, திரும்பும்போது சிமெண்டும் உப்பும் உரமும் ஏற்றி வருவது, மழைக்கு உழுவது. வண்டி ஓடினால் அப்பா வீட்டில் இருப்பார். ஓடாவிட்டால் குடகு. எங்கள் வீட்டுக் கணக்கு அவ்வளவு எளிமை.

பேட்டரி இல்லாததால் வண்டியை எப்போதும் எங்கள் வாசல் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார்கள். காலையில் முன்னால் இருக்கிற கட்டையை நான் உருவுவேன். வண்டி தானாக உருளும். அப்பா கிளட்சை விடுவார். ரெண்டு இருமல் இருமிவிட்டு இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்தக் கட்டை வேங்கை மரம். ஒரு முனையில் துளை போட்டுக் கயிறு கட்டியிருந்தது. நான் அதைத் தூக்கினேனா அது என்னைத் தூக்கிக்கொண்டு போனதா என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டை உருவுவதற்கு முன்னால் இன்னொரு கௌரவமான வேலையும் எனக்கு உண்டு. இஞ்சின் முன்பக்கத்தில் எண்ணெய் அளக்கிற கம்பி இருக்கும். அதை உருவி, கால்சட்டையில் துடைத்து, மறுபடி சொருகி, உருவிப் பார்க்க வேண்டும். கம்பியில் ரெண்டு கோடு. மேல்கோடு வரை நனைந்திருந்தால், "ஃபுல்லுப்பா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். தினமும் ஃபுல்லுதான். அம்மா மட்டும் என் கால்சட்டையைத் துவைக்கும்போது ஓடைத்தண்ணியில் மீன் சாகும் என்பாள்.

சத்தம் முதலில் வந்தது முனி வளைவில். கச்சிராயபாளையம் தாண்டி ஏறிக்கொண்டே வந்தால் ஒரு கொண்டை ஊசி வளைவில் முனியப்பன் கோயில். கோயில் என்றால் ஒரு கல்லும் நாலு வேலும். வண்டியில் சிமெண்டு பாரம். நான் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். வளைவு திரும்பி மூக்கு மேலே தூக்கியதும் உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் தட்டினார்கள்.

டொக். டொக். டொக்.

"இன்னா சத்தம் அது?" என்றார் அப்பா.

"உள்ள எவனோ மாட்டிகினு கதவத் தட்றான் மாமா" என்றார் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த மாமன்.

ஊர் வந்து சேர்ந்து வாசலில் நிறுத்தியபோது சத்தம் இல்லை. மறுநாள் இறங்கும்போது இல்லை. ஏறும்போது அதே வளைவில் மறுபடி. அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் ஆரம்பிக்கும். மேலே ஏற ஏறப் பெருகும்.

ஒரு சத்தம் வந்தால் ஊரில் எத்தனை வைத்தியர்கள் கிளம்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? டீசலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டான் என்றார் ஒருவர். கரும்புக்காட்டு வண்டிக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். என் வைத்தியம்தான் எல்லாவற்றிலும் உசத்தி. உள்ளே ஒரு மரங்கொத்தி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். அது தட்டும்போது நானும் மட்கார்டில் கட்டையால் தட்டிப் பதில் சொன்னேன். அப்பா ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் என் முதுகில் ஒன்று வைத்தார். அதில் ஒரு மரங்கொத்தியின் துல்லியம் இருந்தது.

கடைசியில் முனிதான் காரணம் என்று ஊர் ஏகமனதாக முடிவு செய்தது. சத்தம் அவர் வாசலில்தானே தொடங்குகிறது? மாமன் ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போய்ப் படைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் ஏறும்போது சத்தம் இன்னும் தெம்பாக வந்தது.

"சாப்புட்ட தெம்பு" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. சாமியை அவர் மறுக்கவும் இல்லை. "சத்தம்னு ஒண்ணு வந்தா அது எங்கியாவது ஒரு எடத்துலருந்துதான வரணும். அந்த எடத்த பாக்காம உட மாட்டேன்" என்றார். அந்தப் பருவம் முழுவதும் அவர் வாயில் இதுதான். பல் விளக்கும்போதுகூடச் சொன்னார். பாதி புரியாது, இருந்தாலும் இதைத்தான் சொல்கிறார் என்று தெரியும்.

சின்னசேலத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். டிராக்டர் என்றால் அவர்தான் என்று பெயர். குச்சிக்கிழங்கை ஆலையில் இறக்கிவிட்டு நேரே அவர் பட்டறைக்குப் போனோம். சிமெண்டுத் தரை. தட்டுக்குக் கல் வைக்காமல் சாப்பிடலாம் போல அப்படி ஒரு சமம். அவர் நீளத் திருப்புளியின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. எங்க தட்டுதுங்கிற?"

"முனி வளைவாண்ட" என்றார் மாமன்.

மெக்கானிக் கண்ணைத் திறந்து மாமனைப் பார்த்தார். "நான் இஞ்சின்ல எங்கன்னு கேட்டேன்."

"ஏத்தத்துல தாங்க வருது. எறக்கத்துல இல்ல" என்றார் அப்பா.

"ஆயிலு?"

"ஃபுல்லுங்க. எம் பையன் தினம் காலையில பாக்கறான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "இன்னிக்குக்கூடப் பாத்தேன்" என்றேன். என் வாழ்க்கையில் என் சொல்லை அவ்வளவு பெரிய மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பியது அந்த ஒரு முறைதான். இப்போது நினைத்தால், அந்த இடத்தில் ஒருவராவது கையை நீட்டிக் கம்பியை உருவியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அப்பாவுக்குத் தன் மகன்மேல் பெருமை. மெக்கானிக்குக்கு அந்தப் பெருமைக்கு மேல் கை வைக்கத் தயக்கம். நான் பொய்யும் சொல்லவில்லை. கம்பி சொன்னதைச் சொன்னேன்.

டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். வால்வு இடைவெளியைச் சரி பார்த்தார். "இனிமே சத்தம் வந்தா உங்க காதத்தான் கயட்டிப் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

முனி வளைவு திரும்பினோம். டொக். டொக். டொக்.

"மெக்கானிக்குக்குக் கேக்காதது நம்மளுக்கு மட்டும் கேக்குது பாரு மாமா" என்றார் மாமன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், வண்டியை அவரே தோளில் சுமந்து ஏற்றுகிற மாதிரி.

மேஸ்திரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. வரும்போதெல்லாம் எனக்கு மிட்டாய் கொண்டு வருவார். அவரைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். ஆனாலும் கோபம் தனி, மிட்டாய் தனி என்று வைத்திருந்தேன்.

"ஒன் வண்டி ஏறி வர சத்தம் கச்சிராயபாளையத்துல டீ குடிக்கும்போதே கேக்குதுப்பா" என்றார் அப்பாவிடம். "தீபம் முடிஞ்ச மறுநாளு லாரி. ஒனக்கு எடம் வெச்சிகிறேன். இன்னா சொல்ற?"

"சத்தம் எங்கருந்து வருதுன்னு பாத்துட்டு சொல்றேன்."

"குடகுக்கு வந்துட்டா சத்தமே கேக்காது."

மறுநாள் காலை கம்பளி வேலிமேல் கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டாம் தடவை போட்ட சோற்றைச் சொல்கிறேன். கார்த்திகைத் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் கம்பளியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம் போகல" என்று சொல்லிவிட்டு வேலியிலேயே விட்டுவிடுவாள். ஒரு நாள் நல்ல வெயில். அன்றைக்கும் ஈரம் போகவில்லை என்றாள். பாத்திரம் கழுவிய கையோடு வேலியோரம் போய் செம்புத் தண்ணீரைக் கம்பளிமேல் தெளித்ததை நான் பார்த்தேன். அவரைக்கொடிக்கு ஊற்றப்போய் குறி தவறிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, அம்மாவின் மானத்தைக் காப்பாற்ற யாரிடமும் சொல்லவில்லை. அவரைக்கொடி அங்கே இல்லை, வீட்டுக்குப் பின்னால் இருந்தது என்பது எனக்கு நாற்பது வயதில் ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

தீபத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது முனி வளைவில் சத்தம் எல்லை மீறியது. இஞ்சின் உடைந்துவிடும் என்று பயந்து அப்பா ஏற்றத்திலேயே நிறுத்திவிட்டார். நான் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். அப்பா இறங்கி நின்று என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், "ஆயிலப் பாருடா" என்றார்.

உருவினேன். துடைத்தேன். சொருகி உருவினேன். கம்பி கழுவி வைத்த கரண்டி மாதிரி இருந்தது.

"அப்பா, இல்ல."

"இன்னா இல்ல?"

"ஆயிலு இல்ல."

மாமன் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். ஒழுகவில்லை. ரோட்டில் ஒரு சொட்டு இல்லை. பாரத்தை முனி கோயிலோரம் இறக்கி, மாமனைக் காவலுக்கு விட்டு, வெறும் வண்டியைப் பின்னால் உருளவிட்டு ரிவர்ஸில் இஞ்சினை எடுத்து, மாட்டு நடையில் ஊர் சேர்த்தோம். வாசலில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி பார் என்றார் அப்பா. பார்த்தேன்.

"ஃபுல்லு" என்றேன் மெதுவாக.

அவரே உருவிப் பார்த்தார். ஃபுல்லு.

சாயங்காலத்துக்குள் ஊர் கூடிவிட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற மாதிரி வரிசையாக வந்து கம்பியைப் பார்த்தார்கள். முனி தன் வளைவில் எண்ணெயை உறிஞ்சிவிட்டு வீட்டு வாசலில் திருப்பி ஊற்றுகிறார் என்று மாமன், பாரத்தை வேறு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்த சூட்டிலேயே, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா களி கிண்டிக்கொண்டே உள்ளிருந்து கேட்டாள். "ஏன்டா, நம்ம சாமி எதையாவது வாங்கினு திருப்பிக் குடுத்து நீ பாத்துகிறியா?"

சேவல் திரும்பி வராதது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சந்தடியில் நான் என் உத்தியோகத்தை மறந்துவிட்டேன். அப்பா வாசலில் சாப்பிட உட்கார்ந்தார். களி, மொச்சைக் குழம்பு. தட்டுக்குக் கல் இல்லை. அவரும் கவனிக்கவில்லை. குழம்பு கீழ்விளிம்புக்கு ஓடி அவர் வேட்டியில் சொட்டியது.

"கல்லு எங்கடா?" என்றார். நான் ஓடினேன். கல்லை எடுத்துக்கொண்டு வந்து குனியும்போது, "நில்லு. வெக்காத" என்றார்.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலைத் தட்டின் மேல்பக்கம் வைத்தார். விரல் நனையவில்லை. கீழ்ப்பக்கம் வைத்தார். கணு வரை குழம்பு. எனக்கு அவர் பயித்தியமாகிவிட்டார் என்று தோன்றியது. குழந்தை மாதிரி குழம்பில் விரல் விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இங்க வா" என்றார். மாமன் வந்தார். "இங்க விரல வெச்சா இன்னா?"

"காலி."

"இங்க?"

"ஃபுல்லு."

"கொழம்பு ஜாஸ்தி ஆச்சா, கம்மி ஆச்சா?"

"அதே கொழம்புதான் மாமா."

அப்பா கை கழுவாமலே எழுந்து வண்டியின் மூக்கருகில் போய் நின்றார். கம்பி முன்பக்கம். மூக்கு கீழே. எண்ணெயெல்லாம் முன்பக்கம் வந்து குவிந்திருக்கும். ஏற்றத்தில் மூக்கு மேலே போனால் அத்தனையும் பின்னால் ஓடிவிடும்.

"தட்டுக்குக் கல்லு வெச்சோம்" என்றார். "வண்டிக்கு வெச்சமா?"

வாங்கி வந்த முதல் நாளே இந்த வாசலில் நிறுத்தித்தான் கம்பி ஃபுல்லு காட்டுகிற வரை எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அன்றைக்கே குறை. தட்டுக்கடியில் கல் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடாத ஊர், ஒரு பருவம் முழுக்க வண்டியைச் சாய்த்து வைத்து அளந்துகொண்டிருந்தது.

மாமன் யோசித்துவிட்டு, "அப்ப அந்த சேவலு?" என்றார்.

"நீதான துன்ன" என்றாள் அம்மா.

சரியாக அளக்கச் சமதரை வேண்டும். ஊரில் சமதரை என்றால் களம். களத்தில் செருப்புக்காலோடு ஏறக் கூடாது. தானியம் விழுகிற இடம். அதிலும் சாமை அறுப்பு முடிந்து கட்டுகள் களத்துக்கு வரக் காத்திருக்கிற நேரம். காலையில் அப்பா ஊர்க்கவுண்டரிடம் போய் நின்றார். எங்கள் ஊர் வழக்குகளைத் தீர்த்து வைக்கிறவர் அவர்தான்.

அவர் நிதானமாகத் தன் செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். அந்தக் காலத்துச் செருப்புக்கு அடி பழைய டயரில் வெட்டியதுதானே.

"இது இன்னா?"

"டயருங்க."

"அங்க ஒன் வண்டி இன்னாத்துமேல நிக்குது?"

"டயருங்க."

"அப்ப நீயே சொல்லு. செருப்புல சின்னது ஏறக் கூடாதுன்னா பெருசு ஏறலாமா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "செருப்ப கயட்டிட்டுக் காலக் கழுவினா ஏறலாங்களா?"

"கழுவினா ஏறலாம்."

"இதுக்கு செருப்புதாங்க காலு. கயட்ட முடியாது. கழுவிட்டு ஏத்துறேன்."

ஊர்க்கவுண்டர் கொஞ்ச நேரம் தாடையைத் தேய்த்தார். தன் வாதத்தாலேயே தன்னை மடக்கிவிட்டான் என்று தெரிந்தது. "கட்டு வரதுக்குள்ள எறக்கிடணும்" என்றார்.

அம்மா சாணி கரைத்தாள். டிராக்டரின் நாலு காலையும் நாங்கள் தேய்த்துக் கழுவினோம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிக் கழுவியிருக்க மாட்டார்கள். களத்தில் வைக்கோல் பரப்பி, மண்ணில் டயர் படாமல் ஏற்றினோம். இஞ்சினை நிறுத்தி, எண்ணெய் அடங்கும் வரை காத்திருந்து, அப்பா என்னைப் பார்த்தார். உருவினேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே, நக அளவு நனைந்திருந்தது. அதை எப்படிக் கத்திச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஃபுல்லு என்பதற்கு மட்டும்தான் எனக்குக் குரல் பழகியிருந்தது. கம்பியை அப்படியே அப்பா கையில் கொடுத்தேன்.

மாமன் மலையிறங்கிப் போய் மறுநாள் முதல் பஸ்ஸில் மெக்கானிக்கையும் எண்ணெயையும் கொண்டு வந்தார். கதையைக் கேட்டுவிட்டு மெக்கானிக் என்னைப் பார்த்து, "ஒன் பேச்ச நம்பி நான் கம்பிய உருவாம உட்டுட்டேன் பாரு" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருமா என்று.

எண்ணெயை நிரப்பினார். ஊரே வெறுங்காலோடு தள்ளி இஞ்சினை எடுத்தது. ஊர்க்கவுண்டரும் ஒரு கை கொடுத்தார். முடுக்கிப் பார்த்தால் உள்ளே மெலிசாக டொக் டொக் இருந்தது.

"எண்ணெ இல்லாம ஓடி அடி வாங்கிகிது. எந்த சிலிண்டர்னு பாக்கணும்" என்றார் மெக்கானிக். மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை, ஓடும்போதே, ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தளர்த்தினால் டீசல் வெளியே பீய்ச்சும், அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. முன்னதைத் தளர்த்தினார், சத்தம் இருந்தது. இறுக்கிவிட்டுக் கடைசியதைத் தளர்த்தினார், இருந்தது. நடுவில் இருந்ததைத் தளர்த்தினார். இஞ்சின் நொண்டியது, ஆனால் டொக் நின்றுவிட்டது.

அப்பா அந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்கருந்துதான்" என்றார். ஒரு பருவமாகத் தேடிய இடம்.

இஞ்சினுக்கு அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, மெக்கானிக் மல்லாந்து படுத்து நடு சிலிண்டரின் பேரிங்கைப் பிரித்தார். ரெண்டு பிறைத் தகடுகள். வழவழப்பெல்லாம் உரிந்து, பிய்ந்த நகம் மாதிரி இருந்தன. அவை பிடித்துக்கொண்டிருந்த தண்டின்மேல் தன் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. "தப்பிச்ச. இன்னும் ரெண்டு ஏத்தம் ஏறியிருந்தா தண்டு போயிருக்கும், வண்டியும் போயிருக்கும்" என்றார். மாமன் புதுத் தகடு வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு ஓடினார்.

அதற்குள் சாமைக் கட்டுகள் வந்துவிட்டன. பெண்கள் தலைச்சுமையோடு வந்து களத்தோரம் அடுக்கினார்கள். ஊர்க்கவுண்டர் மேகத்தைப் பார்ப்பார், வண்டியைப் பார்ப்பார், அப்பாவைப் பார்ப்பார். அப்பா வண்டிக்கடியைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. "கட்ட உள்ள கொண்டாங்க, சுத்தி அடுக்குங்க. நான் நடுவுல இருந்து முடிச்சிட்டு எறங்குறேன்" என்றார் அடியிலிருந்தே. அப்படியே சுற்றி அடுக்கினார்கள். தீபத்தன்று இருட்டுவதற்குள் வேலை முடிந்து வண்டி களத்தைவிட்டு இறங்கியது. ஒரு மணி தானியம் வீணாகவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

ஆனால் புதுத் தகடு போட்ட பிறகு களத்தில் சத்தம் வராதது பெரிய விஷயமில்லையே. சின்னசேலத்திலும்தான் வரவில்லை. மறுநாள் லாரி. அதே மறுநாள் அப்பா கிழங்கை இறக்கிவிட்டு, வேண்டுமென்றே வழக்கத்தைவிட அதிகமாகச் சிமெண்டு ஏற்றினார். மாமன் பேசாமல் வந்தது அந்த ஒரு பயணம்தான். நான் மட்கார்டில் கட்டையை மடியில் வைத்துக் காத்திருந்தேன். சத்தம் வந்ததும் குதிக்க வேண்டும்.

முனி வளைவு திரும்பும்போது எதிரே மேஸ்திரியின் லாரி இறங்கி வந்தது. நிறைய ஆட்கள், மூட்டைகள், எங்கள் ஊர்க்காரர்களும். வளைவில் ரெண்டு வண்டிக்கு இடமில்லை. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, அது மலை வழக்கம். லாரி பின்னால் போய் மண்சுவரை ஒட்டி நின்றது. லாரியிலிருந்தவர்கள் எல்லோரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். பார்க்கவில்லை, கேட்டார்கள்.

மூக்கு மேலே தூக்கியது. பாரம் பின்னால் இழுத்தது. இஞ்சின் உறுமியது. உறுமல் மட்டும்தான்.

மேஸ்திரி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையைத் திருப்பி, வரவில்லையா என்பது போலக் காட்டினார். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். லாரியைத் தாண்டினோம். முனியைத் தாண்டினோம். குதிக்கச் சொல்கிற சத்தம் வராததால் நான் குதிக்கவே இல்லை. ஊர் வரும்வரை கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, வேலையிழந்த உத்தியோகஸ்தன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வாசல் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தினார். கட்டை கொடுத்தேன். பழக்கத்தில் கம்பிமேல் கை போயிற்று.

"இங்க பாக்காத" என்றார் அப்பா.

அம்மா வேலிமேல் கிடந்த கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள். நாலாக மடித்து, டிராக்டரின் இரும்பு சீட்டில் வைத்து, கையால் தட்டிச் சமன் செய்தாள்.

"காஞ்சிடுச்சா?" என்றார் அப்பா.

"இப்பதான் காஞ்சிச்சு."

அப்பா உள்ளே போனதும் நான் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால்சட்டைக்குள் முள்ளாகக் குத்தியது. குத்தட்டும் என்று, அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை இறங்கவே இல்லை.